பித்தமும் அல்ல, பிடிவாதமும் அல்ல!

"மாமா, தலை வலிக்குது" என்று என் தங்கை மகன் தினமும் காலையில் முனகுவான். சிங்கப்பூரிலிருந்து பள்ளி விடுமுறைக்கு எங்கள் ஜொகூர் தோட்டத்துக்கு வந்திருந்த எட்டு வயதுப் பையன். எழுந்ததும் வாந்தி எடுப்பான்; பத்து மணிக்கெல்லாம் தெளிந்து விளையாடப் போய்விடுவான். பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தோம். கால்வாய்ப் பலகையில் தள்ளாடி நடந்தபோது, "ஒழுங்கா நடடா!" என்று அதட்டியவன் நான்தான். இத்தனை காலம் பிள்ளைகளோடு பழகிய வாத்தியார்!

ஊர் திரும்பியதும் தங்கை அவனை மருத்துவரிடம் காட்டினாள். அவர் அவனை நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். கண்ணின் உட்புறத்தைக் கருவியால் பார்த்தார். அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். சிறுமூளையில் கட்டி! 'மெடுல்லோபிளாஸ்டோமா' என்னும் புற்றுநோயாம்.

செய்தி கேட்டு ஓடினேன். தேக்கா சந்தையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், புக்கிட் தீமா சாலையில் இருக்கிறது கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. 'கண்டாங் கெர்பாவ்', அதாவது மாட்டுப்பட்டி என்ற பழைய பெயரின் சுருக்கமே 'கேகே'. இன்று அங்கே குழந்தைகளின் மூளையிலும் அறுவை செய்கிறார்கள்.

இந்நோய் அரிதானது. ஆயினும் சிறுவர்களுக்கு வரும் கொடிய மூளைக் கட்டிகளில் இதுவே அதிகம். சிறுமூளைதான் நம் நடையை நிதானப்படுத்துகிறது, ஆகவே தள்ளாட்டம். கட்டி மூளைநீரின் பாதையை அடைக்கிறது. இரவு படுத்திருக்கையில் அழுத்தம் ஏறுகிறது. ஆகவே காலைத் தலைவலியும் வாந்தியும்.

காந்தப் படம் (எம்.ஆர்.ஐ.) எடுத்துக் கட்டியின் இடத்தை அறிகிறார்கள். பின்பு அறுவையில் முடிந்தமட்டும் அகற்றி, அந்தத் துண்டை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறார்கள். 1925-இல் பெயர் பெற்ற இந்நோயில் 4 முக்கிய வகைகள் உண்டென்று இப்போது தெரியும். ஒரு வகையில் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள். மற்றொன்று மிகக் கடுமையானது. வகையைப் பொறுத்தே சிகிச்சையின் அளவு அமைகிறது. மூளைநீர் வழியாக நோய் பரவக்கூடும் என்பதால் முதுகுத்தண்டையும் பார்க்கிறார்கள். மூளைக்கும் தண்டுக்கும் கதிர் பாய்ச்சி, மருந்தும் ஏற்றுகிறார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளரும் மூளையைக் கதிர் பாதிக்கும். ஆகவே அவர்களுக்கு இயன்றவரை கதிரைத் தவிர்க்கிறார்கள். சுற்றிலுமுள்ள நல்ல பாகங்களை அதிகம் பாதிக்காத புரோட்டான் கதிர்ச் சிகிச்சை, 2023 முதல் சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் உண்டு.

இதற்காக நாம் கடல் தாண்ட வேண்டுமா? வேண்டியதில்லை. ஜொகூர் பாரு சுல்தானா அமினா அரசு மருத்துவமனையிலும் மூளை அறுவைப் பிரிவு இருக்கிறது. முதலில் வேண்டியது, நோயைச் சந்தேகிக்கும் கண்.

தாய்மார்களே! தலைவலி எல்லாம் கட்டியாகிவிடாது; பயம் வேண்டாம். ஆனால் காலைதோறும் தலைவலியும் வாந்தியும், தள்ளாடும் நடை, இரட்டையாகத் தெரியும் பார்வை, சாய்த்தே வைத்திருக்கும் தலை, புதிதாக வந்த வலிப்பு இவற்றைக் கண்டால் மந்திரிக்கக் காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள்.

மருமகன் மீண்டும் பள்ளிக்குப் போகிறான். எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. பரிசோதனைகள் தொடர்கின்றன. இப்போதெல்லாம் என் வகுப்பில் ஒரு பிள்ளை "தலை வலிக்குது சார்" என்றால், பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, "எப்போதிருந்து அப்பா?" என்று கேட்கிறேன்.