அடுக்குக் கணக்கும் முப்பரிமாணப் பாறையும்

1950இல் சோவியத் நாட்டின் டிகோனோவும், 1953இல் பிரான்சின் காக்னியாரும் தனித்தனியே ஒரே வழியைச் சொன்னார்கள். பூமியின் காந்தப்புலம் இயல்பாக ஏறி இறங்கும்போதெல்லாம் நிலத்துக்குள் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. தரையில் காந்தப்புலத்தையும் மின்புலத்தையும் ஒருசேர அளந்தால், கீழே உள்ள பாறை மின்சாரத்தை எவ்வளவு கடத்தும் என்று கணக்கிடலாம். ஏற்ற இறக்கம் மெதுவாக இருந்தால் இன்னும் ஆழத்தின் செய்தி கிடைக்கும்.

அன்று கணக்குக்கு அடங்கியது, தோசைகளை அடுக்கியதுபோல் பக்கவாட்டில் மாறாத மேலோடு மட்டுமே. அச்சிட்ட வளைகோடுகளின்மேல் அளவீட்டை வைத்து, எது பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். எண்ணெயும் கனிமமும் தேடியவர்களுக்கு அது பயன்பட்டது.

1989 மார்ச் 13 அன்று, பூமியின் காந்தப்புலம் கடுமையாக ஏறி இறங்கும் காந்தப்புயல் ஒன்றில் கனடாவின் கியூபெக் மாகாணம் இருண்டது. சுமார் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. அங்குள்ள கனடியக் கேடயப் பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதனால் தரையில் மின்புலம் வலுத்து, நெடுந்தூர மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டத்தைப் பாய்ச்சியது. மேலோட்டின் மின்கடத்துதிறன் மின்வாரியங்களின் கவலையாகவும் ஆயிற்று.

இன்று கணினி, மேலோட்டை லட்சக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து முப்பரிமாணத்தில் கணக்கிடுகிறது. அமெரிக்காவில் 2006இல் தொடங்கி 2024இல் முடிந்த, காந்தப்புலத்தையும் மின்புலத்தையும் அளக்கும் பணி, சுமார் 70 கிலோமீட்டருக்கு ஓர் இடமாக ஏறத்தாழ 1,800 இடங்களில் நடந்தது. ஒரே காந்தப்புயலில் இரண்டு இடங்களின் மின்புலம் நூறு மடங்குகூட வேறுபடலாம் என்று அது காட்டியது. ஒரு வட்டாரத்துக்கு ஓர் அடுக்குத்தொகுதி என்ற பழைய கணக்கில் இந்த வேறுபாடு தெரியாமலே போயிருக்கும்.

மாறாததும் உண்டு. ஒரே அளவீட்டுக்கு நிலத்தடியின் பல கணக்கு மாதிரிகள் பொருந்தும். அவற்றுள் மிக எளியதையே தேர்ந்தெடுக்கும் ‘ஒக்காம்’ (Occam) முறை 1987இல் வந்தது. அப்படித் தேர்ந்த மாதிரியிலும், ஆழத்தில் நன்கு கடத்தும் பகுதி உப்புநீரா, கிராஃபைட்டா, உருகிய பாறையா என்பதை மின்கடத்துதிறன் மட்டும் சொல்லாது. நிலவியலாளர்தான் தீர்க்க வேண்டும்.

மின்பொறியாளருக்கோ அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அளந்த இடத்தில் புயலின்போது எழும் மின்புலத்தை, மாதிரியே இல்லாமல் அளவீட்டிலிருந்து நேராகக் கணக்கிடலாம். அளக்காத இடங்களுக்கும் ஆழத்தின் கேள்விகளுக்கும்தான் மாதிரி வேண்டும்.