நேற்றிரவு முன்னறிவிப்பு விடியற்காலை இடிக்கு உதவாது

இரவுச் செய்தியில் மழை நிலவரம் பார்த்துவிட்டுப் படுத்து, அந்த நம்பிக்கையிலேயே விடியுமுன் ஷிப்டுக்கோ முந்திரித் தோப்புக்கோ கிளம்புகிறவர்கள் நெய்வேலியில் ஏராளம். பிற்பகல் இடிக்கு உள்ளூர் வெயிலே காரணம். அறிகுறி கண்ணுக்குத் தெரியும். விடியற்காலை இடி அப்படியல்ல, பெரும்பாலும் வேறிடத்தில் பிறந்து இங்கே வருவது. தென்மேற்குப் பருவத்தில் மாலையில் கல்வராயன் மலைப்பக்கம் திரளும் மேகம் கிழக்கே நகர்ந்து நள்ளிரவுக்குப் பிறகுகூடக் கடலூர் மாவட்டத்தை எட்டும். வடகிழக்குப் பருவத்தில், இரவில் குளிர்ந்த நிலக்காற்று வாடைக்காற்றோடு கடல்மேல் மோதி, விடியலில் மேகம் கரையேறும். அது எந்த ஊரை எத்தனை மணிக்குத் தொடும் என்று முந்தைய நாளே சொல்வது கடினம். காரைக்கால், சென்னை ரேடார்களில் மேகம் தென்பட்ட பிறகே உறுதியாகச் சொல்ல முடியும். அதனால்தான் வானிலை ஆய்வு மையம் 3 மணி நேரத்துக்கு மட்டும் செல்லும் உடனடி எச்சரிக்கையைத் தனியாக வெளியிடுகிறது. இரவு 10 மணி எச்சரிக்கையின் ஆயுள் 1 மணியோடு முடிந்தது.

"மஞ்சள் எச்சரிக்கை விடுகிறார்கள், ஒரு தூறல்கூட இல்லையே" என்பார்கள். எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்கும். திட்டக்குடியில் இடித்து நெய்வேலி காய்ந்தாலும் அது பொய்யல்ல. ஆபத்தும் பொய்யல்ல: 2025 அக்டோபரில் இதே மாவட்டத்தின் கழுதூரில் வயலில் வேலை செய்த 4 பெண்கள் மின்னலுக்குப் பலியானார்கள். அதிகாரிகளுக்கும் ஒரு கேள்வி: தூங்குகிறவரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதோடு கடமை தீர்ந்துவிடுமா? தெருவுக்குத் தெரியும்படி ஒலிபெருக்கி வேண்டாமா? அதுவரை நம் கையில் இருப்பது இதுதான்: வாசலைத் தாண்டுமுன் 'தாமினி' செயலியையும் வானிலை மையத்தின் 3 மணி நேர எச்சரிக்கையையும் பாருங்கள். நேற்றிரவு பார்த்தது கணக்கில் வராது.

உயிரிழப்பு நேர்ந்தால் பலரும் செய்யும் பெருந்தவறு, "மின்னல்தான் என்று ஊருக்கே தெரியுமே" என்று பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்வது. பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வாரிசுகளுக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்க வழியுண்டு. ஆனால் காகிதம் பேசினால்தான் பணம் வரும். முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகல் வாங்குங்கள். மின்னலே காரணம் என்று குறிக்கும் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல் ஆகியவற்றைச் சேர்த்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மனு நகராவிட்டால் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுங்கள். கறவை மாடு இறந்தால் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். புதைக்குமுன் அரசு கால்நடை மருத்துவரின் சான்று அவசியம். மறுபடியும் சொல்கிறேன், பரிசோதனைக்கு முன் அடக்கம் வேண்டாம்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் மின்சாரம் பாயாது. 108-ஐ அழைத்துவிட்டு, மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யுங்கள். இடி கேட்டால் மரத்தடி வேண்டாம், கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். அரை மணி தாமதத்துக்கு அரைநாள் கூலி போனாலும் போகட்டும்.