முதல் மாத்திரைக்கு முன் ஒரு சொட்டுச் சீழ்

கழுத்திலோ தொடையிலோ கட்டி வந்தால் ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி, மருந்துக்கடையில் மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது நம் வழக்கம். வீக்கம் கூடி, காய்ச்சலும் சேர்ந்த பிறகுதான் டாக்டரிடம் போகிறோம். அப்போது சீழ் எடுத்துக் கல்ச்சர் வைத்தால், ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வந்துவிடக்கூடும். உடம்பில் கிருமி இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அரைகுறையாகப் போட்ட மாத்திரை அதை ஒழிக்காமல், ஆய்வகத் தட்டில் வளரவிடாமல் மட்டும் செய்திருக்கலாம்.

இப்படிப்பட்ட கட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. 1880-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், கட்டிகளின் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சிவந்து கொதித்து வலித்த கட்டிகளில் உருண்டைக் கிருமிகள் தெரிந்தன. சூடோ சிவப்போ இல்லாமல் மெல்ல வளர்ந்த கட்டிகளில் தெரியவில்லை. சீழ் பிடிப்பது புண் ஆறுவதில் ஒரு கட்டம் என்று மருத்துவர்களே பலர் நம்பியிருந்த காலம் அது.

ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் இந்தக் கிருமி எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. அதனால் கிருமி இருக்கிறதா என்பதோடு, எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுப்பதைவிட, உள்ளிருந்து ஊசியால் உறிஞ்சிய சீழ் நம்பகமானது.

ஆய்வகத்தில் முதல் வேலை கிராம் சாயம். சில நிமிடங்களில், திராட்சைக் கொத்துபோல் ஊதா நிற உருண்டைகள் தெரியும். பிறகு ரத்தம் கலந்த அகார் தட்டில் தடவி, 35 முதல் 37 டிகிரியில் ஓர் இரவு வைப்பார்கள். காலையில் பொன்னிறப் புள்ளிகளும், சுற்றிலும் ரத்தம் கரைந்து தெளிந்த வளையமும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். எல்லா ஆரியஸும் பொன்னிறமாக வளர்வதில்லை. நிறத்தை மட்டும் நம்ப முடியாது. அடுத்து ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடு. நுரைத்தால் ஸ்டஃபைலோகாக்கஸ்; இன்னொரு உருண்டைக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுரைக்காது.

தீர்ப்பு சொல்வது கோயாகுலேஸ் சோதனை. முயல் பிளாஸ்மாவில் கிருமியைக் கலந்து 37 டிகிரியில் வைத்தால், ஆரியஸ் அதை உறைய வைக்கும். நான்கு மணி நேரத்தில் குழாயைச் சாய்த்துப் பார்த்தே ஆக வேண்டும். சில கிருமிகள் தாங்கள் உறைய வைத்ததைத் தாங்களே கரைத்துவிடும். மறுநாள் மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். நான்கு மணி நேரத்தில் உறையாவிட்டால் 24 மணி நேரம் வரை காத்திருப்பார்கள்.

உறைய வைக்காத உறவினர்களில் முக்கியமானது, நம் தோலிலேயே வாழும் எபிடெர்மிடிஸ். ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுக்கும்போது ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் இது வளர்ந்தால், ஊசி குத்திய இடத்தில் தோலைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். செயற்கை இதய வால்வு பொருத்தியவருக்கோ இதுவே வினையாகலாம். ஆரியஸ் அப்படியல்ல. ஒரு பாட்டிலில் வளர்ந்தாலும் அலட்சியம் கூடாது. இதய வால்வு வரை தேடிப் பார்க்க வேண்டும்.

மிச்சமிருப்பது, எந்த மருந்து கேட்கும் என்ற கேள்வி. பென்சிலினை எதிர்க்கப் பழகிய ஸ்டஃபைலோகாக்கஸுக்காக 1959-ல் மெதிசிலின் வந்தது. 1961-லேயே இங்கிலாந்தில் அதையும் எதிர்க்கும் கிருமிகள் பதிவாகின. அவைதான் எம்ஆர்எஸ்ஏ. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் இன்று பயன்படுத்துவது 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் மருந்து ஏற்றிய வில்லை. வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 22 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. 21-க்குள் சுருங்கினால் எம்ஆர்எஸ்ஏ. அமாக்சிசிலின், செஃபலெக்சின் போல நாம் கடையில் கேட்டு வாங்கும் மருந்துகள் அதனிடம் செல்லாது. கடுமையான நோய்க்கு வான்கோமைசின் கொடுப்பார்கள். அதன் திறனை வில்லை வைத்து அளக்க முடியாது. எவ்வளவு அளவில் கிருமி அடங்குகிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

வளர ஓர் இரவு, மருந்துச் சோதனைக்கு இன்னோர் இரவு என்று ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்காக ஆய்வகத்தைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

எல்லாக் கட்டிக்கும் கல்ச்சர் தேவையில்லை. சிறிய கட்டி வெந்நீர் ஒத்தடத்திலேயே உடைந்து ஆறிவிடும். மூக்கு, மேலுதட்டுப் பக்கம் வந்ததைப் பிதுக்காதீர்கள். அங்கிருந்து தொற்று மூளைப் பக்கத்து ரத்தக் குழாய்களுக்குப் போகலாம். காய்ச்சல், பரவும் சிவப்பு, சர்க்கரை நோய், அறுவைசிகிச்சைத் தையலில் சீழ், திரும்பத் திரும்ப வரும் கட்டி, வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் கட்டி என இவற்றில் ஏதாவது இருந்தால் கடை மாத்திரையைத் தொடாமல் டாக்டரிடம் போங்கள். ‘மருந்து ஆரம்பிக்கும் முன் கல்ச்சருக்கு எடுக்கணுமா டாக்டர்?’ என்று கேளுங்கள். ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால், அதன் பெயரை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.