கரண்டு வந்தும் கிளம்பாத மோட்டார்! வீட்டுக் கடலில் தவிக்கும் மீன்கள்

சென்னையில் சில வீடுகளின் ஹாலில் ஒரு கடலே இருக்கிறது! கண்ணாடித் தொட்டிக்குள் பாறை. பாறை இடுக்கில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். மேலே நீல விளக்கு. விருந்தாளி வந்தால் டி.வி. பக்கம் திரும்ப மாட்டார். தொட்டி முன்னால்தான் உட்காருவார்.

இந்தக் கடலில் அலையை எழுப்புவது காற்று அல்ல. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன மோட்டார்! அது நின்றால் சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கவனிக்காவிட்டால் விடிவதற்குள் கதை முடிந்துவிடும்.

கரண்டு போனால்தானே மோட்டார் நிற்கும் என்று நினைக்கலாம். கரண்டு திரும்பி வந்த பிறகும் அது கிளம்பாமல் கிடப்பதுதான் பெரிய ஆபத்து! விளக்கு எரியும். "கரண்டு வந்துடுச்சு, இனி கவலை இல்லே" என்று வீட்டில் எல்லோரும் படுக்கப் போய்விடுவார்கள். தொட்டிக்குள் தண்ணீர் அசையாமல் நிற்கும்.

சுண்ணாம்பு செய்யும் சதி

கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 400 மில்லி கிராம் கால்சியம் இருக்கிறது. பவளப் பூச்சிகள் அதை எடுத்துத்தான் பாறை கட்டுகின்றன. வீட்டுத் தொட்டியில் அதே சுண்ணாம்பு, சூடான இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். அங்கே சூடான இடம் மோட்டார்தான்.

மோட்டாருக்குள் காந்தம் பொருத்திய சின்ன சக்கரம் ஒன்று சுழலுகிறது. கடைக்காரர்கள் 'இம்பெல்லர்' என்பார்கள். காந்தத்துக்கும் அது உட்கார்ந்திருக்கும் குழிக்கும் நூலிழை இடைவெளிதான். அந்த இடுக்கில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். ஓடுகிற வரை சக்கரம் தேய்த்துக்கொண்டே சுற்றிவிடும். ஒரு தடவை நின்றதோ, போச்சு! திரும்பக் கிளம்பும் பலம் இருக்காது. சுவிட்சைப் போட்டால் "ம்ம்ம்" என்று முனகும். அதோடு சரி.

6½ கிலோ உப்பு

இப்படி ஒரு கடலை வீட்டில் அமைப்பதும் லேசுப்பட்ட காரியம் அல்ல. 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 190 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ஆக 6½ கிலோவுக்கு மேல் உப்பு கரைக்க வேண்டும்! சமையல் உப்பைக் கொட்டினால் வேலைக்கு ஆகாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்த கடல் உப்புக் கலவையே தேவை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் ஆர்.ஓ. தண்ணீரில் கரைப்பார்கள்.

வெயிலில் தண்ணீர் வற்றும்போது உப்பு வற்றாது! தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். மறுபடி உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் மீன் கருவாடுதான்.

தண்ணீர் நிரப்பிய அன்றே மீனை விடுவது இன்னொரு அவசரம். மீன் கழிவில் இருந்து வரும் அமோனியா விஷம். அதைத் தின்று மாற்றும் நுண்கிருமிகள் பாறையிலும் மணலிலும் பெருக 4 முதல் 6 வாரம் வரை ஆகும். அதுவரை தொட்டி சும்மாதான் ஓடவேண்டும். பல வீடுகளில் குழந்தைகள் விடுவதில்லை!

வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. மே மாதத்தில் சென்னையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். எனவே தண்ணீரைக் குளிர வைக்க 'சில்லர்' எந்திரம் தேவைப்படுகிறது.

பவளம் வைத்தால் ஜெயில்!

வெளிநாட்டுப் படங்களில் தொட்டி நிறைய பவளப் பாறைகள் தெரியும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு யாராவது ராமேசுவரம் பக்கத்தில் இருந்து ஒரு துண்டு கொண்டு வந்தால் ஆபத்து. பாறை கட்டும் பவளங்கள் 2001-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் உள்ள அதே பட்டியல்! குற்றம் நிரூபிக்கப்பட்டால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கும். கடல் குதிரைக்கும் இதே கதிதான்.

அதனால் இங்கே சிமெண்டிலும் சுட்ட மண்ணிலும் செய்த பாறைகளை அடுக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். கிருமிகளுக்கு வீடு கிடைத்தால் போதும். அது பவளமா, சிமெண்டா என்று அவை பார்ப்பதில்லை. கோமாளி மீனையும் கடலில் பிடித்துத்தான் விற்க வேண்டும் என்பதில்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அதைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து குஞ்சு பொரித்து வளர்த்திருக்கிறது.

கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்கு வருகிறவர்கள் "அண்ணே, நீமோ இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். "ஸ்பேர் இம்பெல்லர் இருக்கா?" என்று கேட்பவர்தான் விஷயம் தெரிந்தவர்.

புயல் அடித்தால்...

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி 'வர்தா' புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்டு இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கை கொடுப்பது பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார். அதுவும் இல்லாவிட்டால் ஒரு குவளை போதும். தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்தில் இருந்து திரும்பத் திரும்ப ஊற்றினால் பிராண வாயு கலக்கும். கை வலிக்கும், ஆனால் மீன் பிழைக்கும். அந்த நேரத்தில் தீனி போடவே கூடாது. இன்வெர்ட்டர் உள்ளவர்கள் அலை மோட்டாரை மட்டும் அதில் இணைத்தால் வெகு நேரம் தாங்கும். விளக்குக்கு அவசரம் இல்லை.

தொட்டிக்குக் கீழே தனித் தொட்டி வைத்து தண்ணீரை மேலே ஏற்றுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். கரண்டு நின்றதும் மேலே போன தண்ணீர் அதே குழாய் வழியாகக் கீழே பாயும். கீழ்த் தொட்டி நிரம்பி ஹால் எல்லாம் வெள்ளம்! குழாயில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி சின்ன ஓட்டை போட்டுவிட்டால் அது காற்றை இழுத்து பாய்ச்சலை நிறுத்திவிடும். அந்த ஓட்டையில் பாசி அடைத்தால் பழைய கதைதான். வாரம் ஒரு முறை குத்திவிட வேண்டும்.

காடியில் ஊறல்

மோட்டாரைக் கழுவ 2 அல்லது 3 மாதத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும் என்பதால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு கையை விடக்கூடாது. மின் கசிவைக் கண்டதும் அணைந்துவிடும் சாதனம் பொருத்தாமல் கடல் தொட்டி வைப்பது உயிரோடு விளையாட்டு. ஒயரும் நேராக பிளக்குக்குப் போகாமல், கீழே தொங்கி வளைந்து மேலே ஏறவேண்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

பிறகு முன் மூடியைத் திருகிக் கழற்றி இம்பெல்லரை உருவ வேண்டும். அதன் நடுவில் உள்ள பீங்கான் கம்பி 'படக்'கென்று ஒடிந்துவிடும், ஜாக்கிரதை! வினிகர் எனப்படும் காடியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து எல்லாவற்றையும் ஊறப் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காந்தக் குழிக்குள்ளும் சின்ன பிரஷ்ஷை விட்டுக் குடைய வேண்டும். சோப்பு கூடவே கூடாது.

நல்ல தண்ணீரில் அலசி, திரும்பப் பூட்டி, முதலில் ஒரு வாளித் தண்ணீரில் மூழ்க வைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒரு தடவை ஓடினால் போதாது. பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகி, மூன்று நான்கு முறையும் சட்டென்று கிளம்புகிறதா என்று பார்த்த பிறகே மோட்டார் தொட்டிக்குள் இறங்குகிறது.