வள்ளம் கட்டுமுன் தரையைத் தயார் செய்வோம்

கரையோரக் கிராமங்களுக்குத் திரும்பியுள்ள பல குடும்பங்கள் இழந்த வள்ளத்துக்குப் பதிலாகப் புதியதொன்றைத் தாமே கட்டவோ, பழையதைத் திருத்தவோ விரும்புகின்றன. மரமும் பைபரும் வாங்கக் காசு சேர்க்கும் நாம், அவை வைக்கப்படும் தரையைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. தரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அதன்மேல் வைக்கும் கட்டைகளும் தாழும், வள்ளமும் முறுகும். முறுகிய வள்ளம் இயந்திரம் பூட்டி ஓடும்போது ஒரு பக்கமே இழுக்கும். கட்டி முடித்த பின் அதைத் திருத்த முடியாது.

1. முதலில் நிலம் பாதுகாப்பானதா?

வெடிபொருள் அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்ட காணியில் மட்டும் வேலை தொடங்குங்கள். அகற்றும் பணி குறிப்பிட்ட ஆழம் வரையே நடக்கிறது. ஆகவே அத்திவாரம் வெட்டுமுன் கிராம அலுவலரிடம் அல்லது மிதிவெடி நடவடிக்கை அலுவலகத்தில் விசாரியுங்கள். இடிந்த வீட்டின் அல்லது வாகனக் கொட்டிலின் பழைய சீமெந்துத் தரையைப் பயன்படுத்தலாம். ஆனால் இடிபாட்டுக் குவியலைக் கையால் கிளறாதீர்கள். பற்றைகளுக்குத் தீ வைக்காதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிச் சென்று அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

2. எவ்வளவு இடம் வேண்டும்?

வள்ளத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 அடி நடைவெளி தேவை. 18 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள வள்ளத்துக்கு 24 அடிக்கு 11 அடி தரை போதும். கொட்டிலின் வாசல் வள்ளத்தின் அகலத்தைவிடப் பெரிதா என்பதை இப்போதே அளந்து பாருங்கள். கடற்கரை வரை இழுத்துச் செல்லும் பாதையையும் பாருங்கள்.

3. பழைய தரை இருந்தால்

உடைந்து ஆடும் பகுதிகளைக் கொத்தி எடுத்து, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசுங்கள். எண்ணெய்க் கறையில் மரத்தூள் தூவி ஊறவிட்டுக் கூட்டி, சவர்க்காரத் தூளால் கழுவுங்கள். பிறகு இரண்டு அடிச் சதுரப் பொலித்தீனை ஓரங்களை ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்புறம் நீர்த்துளி இருந்தால் தரையில் ஈரம் ஏறுகிறது. அப்படியானால் பலகையையோ றெசினையோ தரையில் நேரடியாக வைக்காமல் கட்டைகளுக்கு மேல் உயர்த்தி வையுங்கள்.

4. புதுத் தரை போடுவதானால்

மேல் மண்ணை அகற்றி, கிரவல் பரப்பி, தண்ணீர் தெளித்து இடியுங்கள். மாரி வெள்ளம் நிற்கும் இடமானால் சுற்றுப்புறத்தைவிட ஆறு அங்குலம் உயர்த்துங்கள். பிறகு 1:2:4 என்ற அளவில் சீமெந்து, மணல், சல்லிக்கல் கலந்து 3 அங்குலக் கனத்துக்கு இடுங்கள். மேலே சொன்ன தரைக்கு 50 கிலோ மூடை ஏறத்தாழ 12 தேவைப்படும். கடல் மணலும் உவர் நீரும் சேர்க்காதீர்கள். ஏழு நாட்களுக்கு ஈரச் சாக்குப் போட்டு நனைத்து வாருங்கள்.

கடற்கரையில் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் நிரந்தர வேலை செய்ய, கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் கேட்ட பின்னரே சீமெந்து வாங்குங்கள்.

காசு குறைவாக இருந்தால் முழுத் தரைக்கும் சீமெந்து வேண்டியதில்லை. இடித்து இறுக்கிய மண்ணில் இரண்டு நீண்ட பனைச் சட்டங்களை மட்டமாகப் பதித்தால், அவற்றின்மேலேயே கட்டைகளை வைக்கலாம்.

5. மட்டம் பார்த்தல்

இதற்கு விலையான கருவி தேவையில்லை. 30 அடித் தெளிவான பிளாஸ்ரிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை முதலாவது கட்டையிலும் மறு முனையை அடுத்த கட்டையிலும் பிடித்தால், இரு முனைகளிலும் நீர் நிற்கும் உயரமே மட்டம். எல்லாக் கட்டைகளையும் முதலாவது கட்டையோடு மட்டுமே ஒப்பிடுங்கள். பிறகு நடுவே நூல் கட்டி நேர்கோடு கீறுங்கள். குறுக்குக் கோட்டின் மூலை சரியா என அறிய, ஒரு கோட்டில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் அளந்து குறியிடுங்கள். இரு குறிகளுக்கும் இடையில் சரியாக 5 அடி இருக்க வேண்டும்.

6. பைபர் வேலை செய்வோருக்கு

றெசின் இலகுவில் தீப்பற்றும். அதன் ஆவி தலைசுற்றலைத் தரும். இரு பக்கமும் காற்றோட்டம் விடுங்கள். அடுப்பு, விளக்கு, சிகரெட் அருகில் வேண்டாம். றெசினை இறுகவைக்கும் திரவத்தையும் விரைவுபடுத்தும் திரவத்தையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடித்துத் தீப்பற்றலாம். இறுகவைக்கும் திரவம் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குழந்தைகள் தூங்கும் இடத்தில் இவற்றை வைக்க வேண்டாம்.

கடலில் இறக்குமுன் வள்ளத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே வேலை தொடங்குமுன்னரே உங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துடனும் கடற்றொழில் பரிசோதகருடனும் பேசுங்கள். தனியாகத் தரை போட முடியாத குடும்பங்கள் சங்கத்தின் பொதுக் காணியில் ஒரே தரையைப் போட்டு, முறை வைத்துப் பயன்படுத்தலாம்.