ஒண்டுக்குடித்தனமும் அவுட்ஹவுஸும்

பிளக்இன் என்றால் என்ன என்று மேற்கு மாம்பலத்துக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஒண்டுக்குடித்தனம்! வீடு வேறொருவருடையது. கிணறும் முற்றமும் பொது. நாம் ஓர் ஓரமாக அடுப்பு மூட்டிக்கொள்கிறோம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்குள் குடிபுகுந்து, அதில் இல்லாத ஒரு வேலையைச் செய்துகொடுக்கும் சின்ன நிரல்தான் பிளக்இன்.

அன்று

1999. மேற்கு மாம்பலம் ஆரிய கௌடா ரோட்டில் ஒரு மாடி கம்ப்யூட்டர் சென்டர். மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டிவிட்டு உட்கார வேண்டும். விண்டோஸ் 98, 14 அங்குல மானிட்டர், முந்தைய வருஷம் வெளிவந்திருந்த விஷுவல் சி++ 6. விண்ஆம்பில் பாட்டு ஓடும்போது தாளத்துக்கேற்பக் கோடுகள் ஆடும் பிளக்இன் ஒன்றை எழுத எனக்கு ஆசை.

எழுதுவதைவிட எடிட்டரைத் தயார்செய்வதுதான் பெரும்பாடு. பிளக்இன் என்பது ஒரு டிஎல்எல் கோப்பு; அது தானாக ஓடாது. யாராவது எழுப்ப வேண்டும். அதனால் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டீபக் பக்கம் போய், கிளப்ப வேண்டிய எக்ஸ்இ எது என்று கேட்கும் கட்டத்தில் விண்ஆம்பின் முழுப் பாதையையும் அடிக்க வேண்டும். பிறகு லிங்க் பக்கம். அங்கே, உருவாகும் டிஎல்எல் நேராக விண்ஆம்பின் பிளக்இன்ஸ் ஃபோல்டரில் போய் விழும்படி செய்ய வேண்டும். கோப்பின் பெயர் 'விஸ்_' என்று தொடங்காவிட்டால் வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்திவிடுவார். விண்ஆம்பை மூட மறந்து எஃப்7 அடித்தால், கோப்பில் எழுத முடியவில்லை என்று லிங்கர் கைவிரித்துவிடும்.

இத்தனையும் தாண்டி ஓடவிட்டால், ஒரே ஒரு பாயிண்டர் பிசகியிருக்கும். குடித்தனக்காரர் உடைத்த குழாயில் வீடே மூழ்கும். நிரல் 'சட்டவிரோதச் செயல்' செய்துவிட்டதாக விண்டோஸ் பெட்டி எழும்ப, விண்ஆம்ப் மொத்தமாகச் சரியும். "ஏம்ப்பா, நல்ல பாட்டாச்சே, நிறுத்திட்டியே!" என்பார் பக்கத்து மெஷின்காரர்.

இன்று

அதே பேட்டை. ஒண்டுக்குடித்தன வீடுகள் பல இடிக்கப்பட்டு ஃப்ளாட்டுகளாகிவிட்டன. அப்படி ஒரு ஃப்ளாட்டில் அக்கா மகள் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள். 2015-இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய விஎஸ் கோட் என்ற எடிட்டருக்கே ஒரு பிளக்இன் எழுதுகிறாள். இப்போது அதற்குப் பெயர் எக்ஸ்டென்ஷன். நோட்.ஜேஎஸ் நிறுவி, டெர்மினலில் 'யோ கோட்' என்று கூப்பிட்டதும் அது நாலு கேள்வி கேட்கிறது. பதில் சொன்னால் லாஞ்ச்.ஜேசன் உட்பட எல்லாக் கோப்புகளும் தயார். எஃப்5 தட்டினால் கீழ்ப்பட்டி நிறம் மாறுகிறது. ஒத்திகைக்கென்றே இரண்டாவது ஜன்னல் திறக்கிறது. நிரலைத் திருத்திவிட்டு அந்த ஜன்னலில் கன்ட்ரோல்-ஆர் அடித்தால் போதும்.

வீட்டின் அமைப்பும் மாறிவிட்டது. எக்ஸ்டென்ஷன்களைத் தனி ப்ராசஸில், கொல்லையில் கட்டிய அவுட்ஹவுஸ் மாதிரி ஓடவிடுகிறார்கள். அவுட்ஹவுஸுக்குள் எல்லோரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒருவர் மந்தமானால் மற்றவர்களும் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அங்கே எது சரிந்தாலும் வீட்டுக்காரர் தூக்கம் கெடாது. தட்டச்சு நிற்காது.

தொல்லை அடியோடு ஒழிந்துவிட்டதா? "மாமா, நிரலை நிறுத்த நான் வெச்ச சிவப்புப் புள்ளி ஏன் சாம்பலாயிடுச்சு?" என்றாள். எட்டிப்பார்த்தேன். அவள் எழுதியது டைப்ஸ்கிரிப்ட். ஓடுவது அதிலிருந்து பிறந்த ஜாவாஸ்கிரிப்ட். இரண்டுக்கும் வழிகாட்டும் சோர்ஸ் மேப் இல்லாவிட்டால், எந்த வரியில் நிற்பதென்று டீபக்கருக்குத் தெரியாது. டிஎஸ்கான்ஃபிக்கில் சோர்ஸ் மேப்பை 'ட்ரூ' ஆக்கச் சொன்னேன். மறுபடி எஃப்5. அவள் கமாண்டை இயக்கியதும் புள்ளி சிவந்தது. நிரல் அந்த வரியில் போய் நின்றது.

"அடுத்த வரிக்கு எப்படிப் போறது?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் என் கை எஃப்10-ஐ அழுத்தியிருந்தது. ஓட்ட எஃப்5, புள்ளி வைக்க எஃப்9, வரி தாண்ட எஃப்10, உள்ளே நுழைய எஃப்11. விஷுவல் சி++ 6-இலும் இவையேதான். வீடு மாறிய சேதி என் விரல்களுக்கு இன்னும் எட்டவில்லை.