வெள்ளம் வடிந்த பிறகு

காரின் தோல் இருக்கையை நீர் கெடுப்பது பாதி. உலர்த்தும் அவசரம் கெடுப்பது மீதி. பொறுமை உள்ளவர்களுக்கே இருக்கை மீள்கிறது.

மும்பை அந்தத் தேதியை மறக்காது. 2005 ஜூலை 26 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் பதிவான மழை 944 மி.மீ. மித்தி ஆறு கரை தாண்ட, தாழ்வான பகுதிகளில் கார்கள் மூழ்கின. 2015 டிசம்பரில் சென்னை. 2022 செப்டம்பரில் பெங்களூர். அங்கே பங்களாக் குடியிருப்புகளில் விலையுயர்ந்த கார்கள் நீரில் நின்ற படங்களை நாடே பார்த்தது. ஒவ்வொரு முறையும் உரிமையாளரின் முதல் கவலை என்ஜின்தான். இருக்கையின் நினைவு வருவது, கதவைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொள்ளும்போது.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் இது பெரிய விஷயமல்ல. பெரும்பாலும் ரெக்ஸின் உறைதான். துடைத்துக் காயவைத்தால் போதும். இன்று நடுத்தர விலைக் கார்களில்கூட தோல் இருக்கை, அல்லது தோல் மாதிரி ஒன்று. 'லெதரெட்' என்று எழுதியிருந்தால் அது தோல் அல்ல; துணிமீது பி.வி.சி.யோ பாலியூரித்தேனோ பூசிய செயற்கைப் பொருள். சொகுசுக் கார்கள் பலவற்றிலும் உடல் படும் இடத்தில் மட்டுமே அசல் தோல். உறையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். உள்பக்கம் மொசுமொசுவென்று நார் தெரிந்தால் தோல். நெசவு தெரிந்தால் செயற்கை. செயற்கை உறைக்கு நல்ல கழுவலும் உலர்த்தலும் போதும். தோலின் கதை வேறு.

தோல் என்பது கொலாஜன் எனும் புரத இழைகளின் பின்னல். பதனிடுவதால் அது அழுகாமல் நிலைக்கிறது. அதன்பின் ஏற்றப்படும் எண்ணெய்தான் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காத்து மென்மையைத் தருகிறது. நெடுநேரம் ஊறினால் இந்த எண்ணெயில் ஒரு பகுதி வெளியேறிவிடும். உலரும்போது இழைகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். பட்டுப்போல இருந்த இருக்கை அப்பளமாக விறைப்பது இப்படித்தான்.

இங்கேதான் அவசரக்காரர்கள் கெடுக்கிறார்கள். உச்சி வெயிலில் கதவைத் திறந்து போடுவது, ஹேர் டிரையரைப் பிடிப்பது என்று வேலை நடக்கிறது. காய்ந்த தோல் தாங்கும் சூட்டை ஈரத்தோல் தாங்காது. ஒருமுறை சுருங்கிய தோலை எந்த எண்ணெயும் பழையபடி நீட்டாது.

ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. பூஞ்சை பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும். காரின் தோல் மேற்புறத்தில் வண்ணப் பூச்சு இருப்பதால் மேலிருந்து நீர் எளிதில் இறங்காது. வெள்ளம் நுழைவது அடியிலிருந்தும் தையல் துளைகள் வழியாகவும். உள்ளே இருக்கும் ஃபோம் அதைக் குடித்துவிட்டு, மேலே தொட்டால் காய்ந்ததுபோல் நாடகமாடும். எனவே இருக்கையைக் கழற்றாமல் செய்யும் வைத்தியம் வைத்தியமே அல்ல.

கழற்றுவதிலும் ஆபத்து இருக்கிறது. பல கார்களில் இருக்கைக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக் உண்டு. அடியில் மஞ்சள் நிற இணைப்பு தெரிந்தால் அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் இறுக்கிக்குச் செல்லும் ஒயர் என்று கொள்ளலாம். பாட்டரியைத் துண்டித்து, தயாரிப்பாளர் சொல்லும் நேரம்வரை காத்திருந்தே தொட வேண்டும். நீரில் மூழ்கிய ஏர்பேக் அமைப்பைப் பரிசோதிப்பது குஷன் கடையின் வேலையல்ல. பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை.

தில்லி கரோல் பாக், பெங்களூர் ஜே.சி. சாலை, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற கார் அலங்காரச் சந்தைகளில் இருக்கை வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. முறை தெரிந்தவர் முதலில் உறையைப் பிரிப்பார். சாக்கடை கலந்த நீரில் ஊறிய ஃபோமைத் தூக்கி எறிவதே நல்லது. 2005 வெள்ளத்துக்குப் பின் மும்பையில் எலிக் காய்ச்சல் பரவியதை நினைத்தால், கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பதும் புரியும். இரும்புச் சட்டத்தின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும்.

தோலில் படிந்த சேற்றை நல்ல நீரால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் மணல் கீறிவிடும். பிறகு மென்மையான, காரமில்லாத சோப்பு. தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது என்பதால் சலவைத் தூளும் சமையல் சோடாவும் பகை. நிழலில், மின்விசிறிக் காற்றில் உலரவிட வேண்டும். முழுதும் காய்வதற்குள், லேசான ஈரம் இருக்கும்போதே தோல் கண்டிஷனரை உள்பக்கத்தில் தடவுவது பலன் தரும். மேற்பூச்சு எண்ணெயை உள்ளே விடாது. சுருங்காமலிருக்க உறையைப் புது ஃபோம்மீது மாட்டி உலரவிடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தோலைக் கருக்கடித்து, நாளடைவில் சிக்கு வாடையும் தரும். உப்புக் கோடுகள் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் துடைக்காமல், தையலிலிருந்து தையல்வரை அந்தத் துண்டு முழுவதையும் ஈரத்துணியால் சீராகத் துடைத்தால் மங்கும். நிறம் ஏற்றுவது கடைசி வேலை.

இன்னொரு சிக்கல் காப்பீடு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால், பழுதுச் செலவு காருக்குக் காப்பீடு செய்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டும்போது அது முழு இழப்பாகக் கணக்கிடப்படுகிறது. சர்வேயர் வருமுன் பிரித்தால் இழப்பீட்டில் தகராறு. வரும்வரை காத்திருந்தால் பூஞ்சை. நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி, நீர்மட்டம் தெரியும்படி எல்லாக் கோணத்திலும் படமெடுத்து, பிரிக்க எழுத்தில் அனுமதி பெறுவதே வழி.

முழு இழப்பான கார்கள் எல்லாம் உடைக்கப்படுவதில்லை. சில, பழைய கார் சந்தைக்குத் திரும்புகின்றன. உழைத்து மீட்ட இருக்கை அப்போது ஏமாற்றின் திரையாகிவிடுகிறது. வாங்குபவர் தோலின் பளபளப்பில் மயங்காமல் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கட்டும். சேற்றின் கறை அங்கே ஒளிந்திருக்கும். இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, தரைவிரிப்பின் அடியில் வண்டல், பழைய காரில் புத்தம்புது இருக்கை, மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியம் எல்லாமே சாட்சிகள்தாம்.

சொந்தக் காரை மீட்பவர் மறைக்க ஒன்றுமில்லை. விற்கும்போது அது வெள்ளத்தில் நின்ற கார் என்று சொல்லிவிட்டால் போதும். விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் அந்த இருக்கையில் உட்காரப்போகும் குடும்பத்துக்கு, ஏர்பேக்கைச் சோதித்துவிட்டு ஓட்டும் வாய்ப்பாவது கிடைக்கும்.